கெத்தரின் டீச்சர் பேசிய ஐந்து நிமிடம்

எல்கடுவப் பக்கத் தோட்டப் பாடசாலை ஒன்றில் கெத்தரின் முப்பது வருடமாக விளையாட்டு டீச்சர். மைதானம் என்ற பெயரில் அவருக்குக் கொடுத்திருந்தது ஒரு சரிவு. பந்து தேயிலைக்குள் உருண்டால் ஆட்டத்துக்குக் கால்மணி நேர ஓய்வு. ஒவ்வொரு தேர்தலுக்கும் யாராவது வந்து, புது மைதானம் தருவதாகச் சொல்லி, அளந்துவிட்டுப் போவார்கள். அளவுநாடாவின் மறுமுனையைப் பிடிப்பதுதான் தன்னுடைய உண்மையான பதவி என்பார் கெத்தரின்.

இந்த வருடச் சுதந்திர தினத்தில் விளையாட்டும் ஒற்றுமையும் பற்றிப் பேசச் சொன்னார் பாடசாலை அதிபர் மேர்வின். ஐஸ் பழத்தைத் தவிர வேறு பனியைத் தொட்டறியாத கெத்தரின், 1948 குளிர்கால ஒலிம்பிக்கைத் தேர்ந்தெடுத்தார். இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்த அன்று சுவிட்சர்லாந்தில் அந்தப் போட்டி நடந்துகொண்டிருந்தது என்று படித்ததிலிருந்து அவருக்கு அதே பைத்தியம்.

விழாவுக்குப் பிரதம விருந்தினர் இரண்டு பேர் வந்து இறங்கினார்கள். தோட்டத்துத் தொழிற்சங்கம் போன மாதம்தான் உடைந்திருந்தது. ஒரே பெயர், ஒரே கொடி, இரண்டு தலைவர்கள். வின்சன்ட்டும் ஷியாமும் குத்துவிளக்கின் ஒரே திரியை இரண்டு பக்கமிருந்து ஏற்றினார்கள்.

கெத்தரின் மைக்கைப் பிடித்தார்.

"உலக யுத்தம் முடிஞ்சு மூணு வருஷம். சமாதானம்னு சொல்லி எல்லாரையும் கூப்பிட்டாங்க. ஜேர்மனிக்கும் ஜப்பானுக்கும் மட்டும் அழைப்பு இல்ல. தோத்தவங்களாச்சே! ஒலிம்பிக் கொடியையே யாரோ களவெடுத்துட்டாங்க. அமெரிக்காவுல இருந்து ஐஸ் ஹொக்கிக்கு ரெண்டு டீம் வந்து, ரெண்டும் 'நாங்கதான் அசல்'னு நின்னுச்சு. கடைசியில ஒண்ணு ஊர்வலம் போச்சு, மத்தது விளையாடுச்சு."

பெற்றோர் பக்கம் ஒரு செருமல் கேட்டது. கொழுந்தெடுக்கும் சந்திரகாந்தா எழுந்தே கேட்டுவிட்டாள்:

"இங்க எந்த டீம் டீச்சர் ஊர்வலத்துக்கு?"

சிரிப்பில் மண்டபம் அதிர்ந்தது. வின்சன்ட் ஷியாமைப் பார்த்துச் சிரித்தார். ஷியாம் வின்சன்ட்டைப் பார்த்துச் சிரித்தார்.

"சிரிக்காதீங்க," என்றார் கெத்தரின். "அந்த வருஷம் முடியுறதுக்குள்ள குடியுரிமைச் சட்டம் போட்டு, தோட்டத்துச் சனம் நம்மளையும் இந்த நாட்டு ஆளுங்க இல்லன்னு வெட்டி விட்டாங்க. எங்கப்பாவுக்கு அப்ப எட்டு வயசு. எந்த யுத்தத்துலயும் தோக்கல. தோட்டத்து லயத்துல பொறந்தாரு, அவ்வளவுதான். நாட்டுக்குச் சுதந்திரம் வந்துச்சு, அவருக்கு நாடே இல்லாமப் போச்சு."

சுதந்திரம் என்ற சொல் காதில் விழுந்ததால் விருந்தினர் இருவர் மட்டும் பலமாகக் கைதட்டினார்கள்.

அடுத்த வாரம் டீச்சருக்கு எதிராக முறைப்பாடு வந்தது. சங்கம் உடைந்த பிறகு இரு தலைவர்களும் சேர்ந்து கையெழுத்து வைத்த முதல் கடிதம் அதுதான்.

"விளக்கம் எழுதிக் குடுங்க டீச்சர்," என்று மேர்வின் கெஞ்சினார்.

கெத்தரின் எழுதினார்: 'நான் சொன்னது அமெரிக்க அணிகளைப் பற்றி. அமெரிக்கா முறைப்பாடு செய்தால் பதில் தருகிறேன்.'

விளையாட்டைப் பறித்துக்கொண்டு நூலகச் சாவியைக் கொடுத்தார்கள். அன்று வீட்டுக்கு, உக்குவளை வரை பஸ்ஸில் அழுதுகொண்டு போனார். ஓய்வு பெற இரண்டு வருடம் இருக்க, விசிலைக் கழற்றி வைப்பது சின்ன விஷயமில்லை.

ஒரு மாதம் கழித்து, கொழுந்தை எடை போட்டுவிட்டுச் சந்திரகாந்தா நூலக வாசலுக்கு வந்தாள். பின்னால் இன்னும் நான்கு பெண்கள்.

"எங்க தாத்தாவையும் அப்படித்தான் வெட்டினாங்களா டீச்சர்? எங்களுக்கு யாரும் சொல்லவே இல்லயே."

கெத்தரின் ஐந்து கதிரைகளை இழுத்துப் போட்டார்.