களைக்கொல்லிக் கடைக்காரர் மனைவி

அவளுக்கு நகரக் குடிநீர் நிலையத்தில் ஆபரேட்டர் வேலை. அவள் கணவருக்கு நாலு தெரு தள்ளிப் பூச்சிமருந்துக் கடை. அவர் விற்றது வயலுக்குப் போய், ஆற்றில் கலந்து, சுற்றி வளைத்து அவளிடமே வந்து சேரும். அவர் கலக்குகிறார், இவள் பிரிக்கிறாள், வீட்டிலேயே பேசி முடித்திருக்கலாமே என்று நிலையத்தில் எல்லாரும் கிண்டலடிப்பார்கள். அவள் கண்டுகொள்ளமாட்டாள்.

மணல் வடிகட்டி சேற்றைப் பிடிக்கும். கரைந்த மருந்து அதற்கு டிமிக்கி கொடுத்துவிடும். அதற்காகவே அவள் பொறுப்பில் ஆளுயர எஃகு உருளை ஒன்று இருந்தது. தண்ணீரில் அளவாகப் பெராக்சைடு என்ற ரசாயனம் விடுவாள். உள்ளே இருக்கும் புற ஊதா விளக்குகள் அதைப் பிளக்கும். பிளந்த துணுக்குகள் என்ன செய்யும் என்று கேட்பவர்களுக்கு அவளிடம் ஒரே பதில்தான்.

"என் நாத்தனார் கோபம் மாதிரிங்க. வந்த வேகத்துல போயிடும். அதுக்குள்ள எதிர்ல பட்டதைக் கடிச்சுக் குதறிடும்."

ஒருமுறை பெருமழைக்கு மறுநாள், சுத்திகரித்த தண்ணீரிலும் களைக்கொல்லி தங்கியிருந்தது. நிலையப் பொறியாளர் ஊருக்குப் போகும் வால்வை மூடிவிட்டார். ஊருக்கு லாரித் தண்ணீர், தெருவெல்லாம் குடங்கள். அவள் பதறிப்போய்ப் பெராக்சைடை இரண்டு மடங்காக்கினாள். நிலைமை இன்னும் மோசமானது. துணுக்குகள் மருந்தை விட்டுவிட்டு, மிஞ்சிய பெராக்சைடையே கடிக்கத் தொடங்கிவிட்டன. அப்புறம்தான் உள்ளே வரும் தண்ணீரைச் சோதித்தாள். வழக்கத்தைவிட நாலு மடங்கு மருந்து.

வீட்டுக்கு வந்தால், கணவர் வாய்க்குள் பாட்டு முணுமுணுத்தபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"என்னங்க, இந்த வாரம் கடையில என்ன நல்லா ஓடுச்சு?"

பாட்டு நின்றது. களைக்கொல்லி முழுவதும் இரண்டே நாளில் காலியானதையும், எல்லாரும் அடித்து முடித்த அன்றே மழை கொட்டியதையும் அவர் மென்று விழுங்கிச் சொன்னார்.

"அத்தனையும் எங்கிட்டதான் வந்திருக்கு," என்றாள் அவள். "இன்னும் யாரெல்லாம் அடிக்கணும்?"

ஆற்றோரம் பாதிப் பேர் பாக்கி என்றார், தட்டைப் பார்த்தபடியே.

மறுநாள் பெராக்சைடைப் பழைய அளவுக்கு இறக்கினாள். நீரோட்டத்தைப் பாதியாக்கி, தண்ணீர் விளக்குகளுக்கு நடுவே கூடுதல் நேரம் நிற்கும்படி செய்தாள். சாயங்காலச் சோதனையில் மருந்தைத் தேடித்தான் பார்க்கவேண்டியிருந்தது. வால்வு திறந்தது, அவளுக்கு மூச்சு வந்தது.

அன்றிலிருந்து கடைக்காரர் வாடிக்கையாளர்களை வானத்தைப் பார்க்கச் சொல்கிறார். "மழை வர்ற மாதிரி இருந்தா அடிக்காதீங்கப்பா. களை சாகாது, என் பொண்டாட்டி என்னைக் கொன்னுடுவா." விற்பனை கூடிய நாளில் அவளுக்குப் போன் போட்டும் சொல்லிவிடுகிறார். நிலையத்துச் சுவரில், தீயணைப்பு நிலைய எண்ணுக்கு நேர் கீழே, பூச்சிமருந்துக் கடை எண்ணைப் பொறியாளரே கைப்பட எழுதி ஒட்டியிருக்கிறார்.