முப்பத்தொன்று முடியும்வரை

அப்பாவை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று மாலையே அம்மா டிவியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டார். எங்கள் பக்கத்தில் செத்த வீட்டில் முப்பத்தோராம் நாள் கிரியை முடியும்வரை படம், பாட்டு எதுவும் போடுவதில்லை. அது எனக்கும் தெரிந்ததுதான். ஆனால் டிவிக்குக் கீழே மினுங்கிக்கொண்டிருந்த கறுப்புப் பெட்டியையும் அதன் குட்டி என்று நினைத்து, அதையும் சேர்த்துப் பிடுங்கியிருந்தார். வந்துபோகிற சனத்துக்குத் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த நான் கவனிக்கவில்லை.

அந்தப் பெட்டி எங்கள் வீட்டு சேர்வர். கட்டாரில் வேலை செய்யும் என் கணவர், போன லீவில் வந்தபோது ஒரு பழைய கொம்பியூட்டரை வைத்துச் செய்தது. எங்கள் போன்களில் கிடந்த படங்கள், வீடியோக்கள் எல்லாவற்றையும் அதில் ஏற்றினார். கல்லடியில் எங்கள் வீட்டில் கரண்ட் இருந்தால் போதும், அவர் கட்டாரிலிருந்தும் என் தங்கை சுவிஸிலிருந்தும் திறந்து பார்க்கலாம். மழைக்கு ஒழுகுகிற கூரை ஓடுகளை மாற்றாத மனுசன், இதை மட்டும் சோறு தண்ணி மறந்து செய்கிறாரே என்று அப்போது புறுபுறுத்தேன்.

தங்கையின் அகதி வழக்கு இன்னும் முடியவில்லை. வந்தால் திரும்பிப் போக முடியாது. அப்பாவின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க அவளால் வர முடியவில்லை.

சில நாள் கழித்து அழைத்தாள்.

"அக்கா, சேர்வர் திறக்குதில்ல. அப்பாட வீடியோ ஒண்டையும் பார்க்க ஏலாமக் கிடக்கு. வரல்லயெண்டு என்னையும் கழட்டிப் போட்டீங்களா?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. செத்த வீட்டு வேலை முழுவதையும் தனியாகச் செய்பவளிடம் கேட்கிற கேள்வியா இது? நன்றாகத் திட்ட வாயெடுத்தேன். அவள் அங்கே விம்முவது கேட்டது. எழுந்துபோய்ப் பார்த்தால் பெட்டியில் வெளிச்சம் இல்லை.

சொருகப் பிளக்கை எடுத்ததும் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேணாம் புள்ள. முப்பத்தொண்டு முடியட்டும். சனம் என்ன சொல்லும்?"

"இது டிவி இல்லம்மா. இஞ்ச ஒண்டும் ஓடாது. தங்கச்சிதான் அங்கயிருந்து பார்ப்பா."

"என்னத்தப் பார்க்கப் போறா?"

"அப்பாவை."

அம்மா கையை விட்டார். பிறகு பிளக்கை என்னிடமிருந்து வாங்கித் தானே சொருகினார். டிவியைத் தொடக்கூடாது என்பதில் மட்டும் கொஞ்சமும் இறங்கி வரவில்லை.

தங்கை அழைப்பைத் துண்டிக்கவில்லை. நான் ஸ்பீக்கரில் போட்டு, போனை அம்மாவின் மடியில் வைத்தேன். பெட்டி எழும்பி வரக் கொஞ்ச நேரம் எடுத்தது.

"வருகுது அக்கா," என்றாள்.

எதைத் திறந்தாள் என்பது மழைச் சத்தத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. போன மாரியில் நான் எடுத்தது. முற்றம் நிறைய வெள்ளம். அப்பா நனைந்தபடி மண்வெட்டியால் தண்ணீருக்கு வழி வெட்டுவார். அவளுடைய அறையில் ஓடிய வீடியோவின் சத்தம், போன் வழியாக எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்தது.

"இஞ்ச புள்ள, கொடியில கிடந்த உடுப்பெல்லாம் எடுத்திட்டியா?" என்றார் அப்பா. அம்மாவை அவர் அப்படித்தான் கூப்பிடுவார்.

நான் அவசரமாகப் போனை எடுக்கப் போனேன். அம்மா விடவில்லை. இரண்டு கைகளாலும் அதைப் பொத்திப் பிடித்துக்கொண்டு குனிந்தார். வெளியே நல்ல வெயில்.

"ஓம், எடுத்திட்டன்," என்றார். "நீங்க நனையாம உள்ள வாங்க."