மூச்சுத் துளை

என் அண்ணன் சங்கு குளிப்பவன். படகில் ஒரு கம்ப்ரசர் ஓடும், அதிலிருந்து நீளமான டியூப் கடலுக்குள் இறங்கும். அதன் முனையைக் கடித்துக்கொண்டு அவன் அடியில் சங்கு பொறுக்குவான். மேலே கம்ப்ரசரைப் பார்த்துக்கொள்பவர் என் வீட்டுக்காரர். ஒருநாள் கம்ப்ரசர் பெல்ட் நழுவி, காற்று நின்றுவிட்டது. இவர் மறுபக்கம் சங்குப் பையின் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தார், என்ஜின் இரைச்சலில் ஒன்றும் தெரியவில்லை. அண்ணன் மூக்கில் ரத்தத்தோடு மேலே வந்தான். மச்சானும் மாப்பிள்ளையும் ஒரு வாரம் முகம் பார்த்துப் பேசவில்லை. இருவரையும் திட்டித் தீர்த்துவிட்டு நான் வேலையில் இறங்கினேன்.

என் வேலை சர்க்யூட் போர்டு வடிவமைப்பது. வீட்டு மாடியில் உட்கார்ந்தபடியே ஒரு வெளியூர் கம்பெனிக்குச் செய்கிறேன். யார் வீட்டு வாஷிங் மெஷினுக்கோ போர்டு போடுகிறவள், என் அண்ணனுக்குப் போடமாட்டேனா? டியூபில் காற்று குறைந்தால் சைரன் அலற வேண்டும், அவ்வளவுதான். தீப்பெட்டி அளவில் ஒன்று செய்து படகில் மாட்டினோம். ஜம்மென்று அலறியது. மூன்றே வாரத்தில் ஊமையாகிவிட்டது.

கழற்றிப் பார்த்தால், போர்டின் மேல்பக்கச் செம்புப் படலத்தையும் கீழ்ப்பக்கத்துச் செம்பையும் இணைக்கும் பொடித் துளைகளில் எல்லாம் உப்பு ஏறிக் களிம்பு பிடித்திருந்தது. எங்கள் ஊர்க் காற்று ஜன்னல் கம்பியையே விட்டுவைக்காது, இது எம்மாத்திரம்! போர்டின் மேல் பச்சையாகப் பூசுவார்களே, அந்தப் பூச்சால் துளைகளை மூடிவிட்டால் போதும். ஆனால் வரைபடம் இருந்த ஹார்ட் டிஸ்க் அதற்குள் செத்துப்போயிருந்தது. தொழிற்சாலைக்கு மெயிலில் அனுப்பிய ஃபைல்கள் மட்டும்தான் மிச்சம். அண்ணனோ போர்டு இல்லாமலே தினமும் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தான். இரண்டு நாள் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாம் நாள், சும்மா, அந்த ஃபைல்களில் பூச்சுக்கானதைச் சாதாரண எழுத்தாகத் திறந்தேன். அட, எல்லாம் வெறும் வரிகள்! ஒவ்வொரு வரியும் ஒரு புள்ளி. பக்கவாட்டில் இவ்வளவு, மேலே இவ்வளவு, அந்த இடத்தில் பூச்சு வேண்டாம் என்று எழுதியிருக்கிறது. அப்படியானால் அந்த வரியை எடுத்துவிட்டால் பூச்சு வந்துவிடும். இத்தனை வருடம் இந்த வேலையில் இருந்தும் இதை நான் திறந்தே பார்த்ததில்லை. கை பரபரவென்றது.

பைத்தானில் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதினேன். துளைகளின் ஃபைலைப் படி, அரை மில்லிமீட்டருக்குக் குறைந்தவற்றைப் பொறுக்கு, பூச்சு ஃபைலில் அதே இடத்து வரிகளை நீக்கு. ஓட்டினேன். ஒரு வரிகூட நீங்கவில்லை. பார்த்தால், ஒரு ஃபைல் அங்குலத்தில் பேசுகிறது, இன்னொன்று மில்லிமீட்டரில். என்னையே நாலு திட்டு திட்டிக்கொண்டு, திருத்தி ஓட்டினேன். நூற்று நாற்பத்தோரு வரிகள் காலி! திரையில் போர்டு பரு மறைந்த முகம்போலப் பளபளவென்று வந்தது. கீழே சாளை மீன் பொரித்துக்கொண்டிருந்த வீட்டுக்காரரைக் கத்திக் கூப்பிட்டேன். அடுப்பை அணைத்துவிட்டு வருகிறேன் என்றவர் வரவே இல்லை.

மறுநாள் ஞாயிறு. கடல் லீவு. கோயிலில் பூசை முடிந்து அண்ணன் வந்தான். அவனைப் பிடித்து லேப்டாப் முன்னால் உட்காரவைத்து, பழைய படம், புதிய படம் என்று மாற்றி மாற்றிக் காட்டிப் பெருமை அளந்துகொண்டிருந்தேன். அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. காற்றைப் பார்க்கிற சாமான் இதில் எது என்று கேட்டான். சென்சாரைக் காட்டினேன். திரையில் விரல் வைத்து அதைச் சுற்றித் தேடினான்.

“ஏளா, எல்லா ஓட்டையையும் அடச்சிட்டியே. இது எங்க வழியா மூச்சு விடும்?”

சென்சார் என்ன மீனா, மூச்சு விட என்று கேலி செய்ய வாயெடுத்தேன். அதற்குள் எனக்கே உறைத்துவிட்டது. டியூபின் காற்றை வெளிக்காற்றோடு ஒப்பிட்டுத்தான் அந்த சென்சார் அளக்கும். வெளிக்காற்று அதற்குள் போக அடியில் செம்பு படாத ஒரே ஒரு துளை. நானே வைத்தது. அந்த நூற்று நாற்பத்தொன்றில் அதுவும் ஒன்று. மூடிவிட்டால், வெயிலில் சூடேறி ஆறும்போதெல்லாம் உள்ளே அடைபட்ட காற்றில் கணக்குத் தப்பும். அலறினால் உண்டு, அலறாவிட்டால் இல்லை. அதை நம்பி இவன் அடியில் கிடப்பான். நான் செம்பைப் பார்த்தேன், காற்றில்லாமல் தவித்தவன் காற்றுக்கு வழியைத் தேடியிருக்கிறான்.

அந்த இடத்தை விட்டுவிடு என்று ஸ்கிரிப்டில் ஒரு வரி சேர்த்தேன். பக்கத்திலேயே ‘அண்ணனின் மூச்சுத் துளை, தொடாதே’ என்று குறிப்பும் எழுதினேன். ஓட்டினால் நூற்று நாற்பது. அந்த ஒரு துளையைத் திரை முழுக்கப் பெரிதாக்கிக் காட்டிய பிறகுதான் அண்ணன் எழுந்தான். அனுப்பினேன்.

புதிய போர்டு வந்து மாட்டியாயிற்று. இரண்டு மாதம் கழித்து ஒரு மத்தியானம் வீட்டுக்காரர் படகிலிருந்து போன் செய்தார். அவர் குரலுக்குப் பின்னால் சைரன் அலறிக்கொண்டிருந்தது.

“பெல்ட்டு அந்துட்டு. இடுப்புக் கயித்தச் சுண்டுனேன், மச்சான் மேல வந்தாச்சு.”

போனை அண்ணனிடம் கொடுக்கச் சொன்னேன். அவன் மூச்சு வாங்குவது மட்டும் கேட்டது. போனைக் காதோடு அழுத்தி, அதையே கேட்டுக்கொண்டிருந்தேன்.