நான் குடித்த திருஷ்டிப் பூசணி

எனக்கு ரத்தக்கொதிப்பு இருக்கிறது என்று சொன்ன டாக்டர் மேல் எனக்குக் கோபம் வந்தது. இருக்கிறது என்று சொன்னதற்காக இல்லை. "ஆயுசுக்கும் மாத்திரை போடணும்" என்று, ஏதோ என் ஆயுசு அவர் மேஜை டிராயரில் இருப்பதுபோலச் சொன்னாரே, அதற்காக. காய்கறி நிறையச் சாப்பிடுங்கள், உப்பைக் குறையுங்கள் என்றும் சொன்னார். அதில் காய்கறி மட்டும் என் காதில் விழுந்தது.

காசிமேட்டில் படகுகளுக்குக் கயிறும் பெயின்ட்டும் கிரீஸும் விற்கும் கடை என்னுடையது. பிழைக்க வந்தது தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து. முப்பது வருஷமாக அதே நாற்காலி. உப்புக்காற்றில் இரும்பே உதிர்ந்து போகிற இடத்தில் எனக்கு ஒரு தலைவலி வந்ததில்லை. எனக்கெதற்கு மாத்திரை?

வீடு திருவொற்றியூரில். காலையில் நான் நடக்கப் போகிற கடற்கரைச் சாலையில் ஒருவர் எவர்சில்வர் டிரம்களை வரிசையாக வைத்துக்கொண்டு ஜூஸ் விற்பார். அருகம்புல், வாழைத்தண்டு, நெல்லிக்காய், வெண்பூசணி. உடம்பிலுள்ள நச்சையெல்லாம் வெளியேற்றும் என்று போர்டு. போர்டுக்குப் பின்னால் துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் புகை விட்டபடி வரிசையில் நிற்கும். காற்று மணலித் தொழிற்சாலைகள் பக்கமிருந்து அடித்தால் கண் எரியும். நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, நச்சு வெளியேறுவதற்காக டம்ளரோடு காத்திருப்போம். வெளியேறுகிற நச்சு போய்ச் சேர இந்த ஊரில் இடம் எங்கே காலியாக இருக்கிறது என்று எங்களில் யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

ஒரு மாதத்தில் நான் வெண்பூசணிக் கட்சியில் உறுதியான ஆளாகிவிட்டேன். அருகம்புல்காரர்களைப் பார்த்தால் பாவமாக இருந்தது. போனில் வந்த செய்திகளையெல்லாம் படித்துக் கரைத்துக் குடித்துவிட்டு, ஒருநாள் வீட்டில் அறிவித்தேன்: "இனிமே மாத்திரை கிடையாது. ஜூஸ் மட்டும்தான்."

என் மனைவி இரண்டு நாள் சண்டை போட்டாள். மூன்றாம் நாள் திடீரென்று அடங்கி, "சரி, கடையில எதுக்குக் குடிக்கிய? வீட்டுலயே நான் போட்டுத் தாரேன்" என்றாள். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் அப்படிச் சட்டென்று தோற்றதே இல்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அன்றிலிருந்து தினமும் காலை ஆறு மணிக்கு ஒரு டம்ளர் வெண்பூசணி ஜூஸ். எங்கள் ஊர்ப்பக்கம் அதைத் தடியங்காய் என்போம். கொஞ்சம் மிளகு, எலுமிச்சை. அடியில் லேசாக ஒரு கசப்பு இருக்கும். அந்தக் கசப்புதான் மருந்து என்று எல்லோரிடமும் சொன்னேன். வீட்டிலிருந்த பிரஷர் மெஷினை வாரம் ஒருமுறை கையில் சுற்றிப் பார்ப்பேன். அளவு அம்சமாக நின்றது. எனக்குத் தலைகால் புரியவில்லை. கயிறு வாங்க வந்தவனுக்குக் கயிற்றைக் கொடுக்குமுன் பூசணியின் பெருமையைக் கொடுத்தேன்.

கேட்டவர்களில் ஒருவர் என் நண்பர். சொந்தமாக விசைப்படகு வைத்திருப்பவர். கடை திறந்த காலத்திலிருந்து கயிறு வாங்க வருகிறவர், இப்போது கயிறு வேண்டாத நாளிலும் வந்து உட்காருவார். அவருக்கும் கொதிப்பு உண்டு. ஆறு வருஷமாக மாத்திரையில் இருந்தார்.

"மெய்யாலுமா அண்ணாச்சி? மாத்திரையே இல்லாம நார்மலா கீதா?" என்று கேட்டார்.

மெஷினைக் கடைக்கே கொண்டுவந்து அவர் கண்முன் அளந்து காட்டினேன். அவர் எண்ணையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அடுத்த வாரம் சிரித்துக்கொண்டே வந்தார்.

"மாத்திரை அல்லாத்தையும் கடல்ல வீசிட்டேன் அண்ணாச்சி. இனிமே மீனுக்கு பிரஷர் வராது."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரு டாக்டர் ஆறு வருஷமாகப் பிடித்து வைத்திருந்த ஆளை நான் ஒரே பேச்சில் விடுவித்துவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து என் மனைவி தங்கை மகள் கல்யாணத்துக்கு ஊருக்குப் போனாள். பத்து நாள். கிளம்பும்போது, "நான் வார வரைக்கும் மட்டும் மாத்திரை போட்டுக்கிடுங்க" என்றாள். பெண்களுக்கு விஞ்ஞானம் புரியாது என்று சிரித்தேன். தினமும் போன் செய்து, "தலை சுத்துதா?" என்று கேட்டாள். என்னைப் பிரிந்து இருக்க முடியவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

நானே பூசணி வாங்கி நானே அரைத்தேன். அந்தக் கசப்பு மட்டும் வரவில்லை, காய் பிஞ்சு என்று நினைத்தேன். ஐந்தாம் நாள் அமாவாசைக்கு முந்தின நாள். மார்க்கெட்டில் ஒரு பூசணி இல்லை. சென்னையில் உள்ள அத்தனை கடைக்காரர்களும் திருஷ்டி சுற்றி உடைப்பதற்கு முதல்நாளே அள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். ஒருநாள் விட்டாலும் பலன் போய்விடும் என்று ஊருக்கு உபதேசம் செய்தவன் நான். வெறுங்கையோடு போய்க் கடையைத் திறந்து நிமிர்ந்து பார்த்தேன். வாசலில், என் தலைக்கு நேர் மேலே, உறியில் ஒன்று தொங்கியது.

போன அமாவாசைக்குக் கட்டிய திருஷ்டிப் பூசணி. சிவப்புப் பெயின்ட்டில் முழிக்கிற கண்ணும் மீசையும் பல்லும் நானே வரைந்தது. மறுநாள் எப்படியும் கற்பூரம் வைத்துச் சுற்றி, முச்சந்தியில் போட்டு உடைக்கப் போவதுதான். தோலைச் சீவினால் மீசை போய்விடும், உள்ளே பூசணி பூசணிதானே? இறக்கி வீட்டுக்குக் கொண்டுபோய் அரைத்துக் குடித்தேன். இதிலும் கசப்பே இல்லை. கொஞ்சம் முற்றல், அதனால்தான் என்று நினைத்தேன்.

இரண்டு நாளில் பிடரி வலித்தது. நாற்காலியிலிருந்து எழுந்தால் கடை மெல்ல ஆடியது. மெஷினைச் சுற்றினேன். பழைய எண்ணுக்கும் மேலே ஏறி நின்றது. பேட்டரி கோளாறு என்று மாற்றினேன். புது பேட்டரியில் இன்னும் கொஞ்சம் ஏறியது.

ஒன்பதாம் நாள் நண்பர் வந்தார். வாசலிலேயே நின்று மேலே பார்த்தார்.

"இன்னா அண்ணாச்சி, உறி காலியா கீது? அமாவாசைக்கு ஒடச்சிட்டு புச்சு கட்லயா?"

மறைக்க முடியவில்லை, சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஒரு மாசமா ஊரு கண்ணு பூரா அத்துல தான குந்தினு இருந்துச்சி! அத்த அரைச்சி குட்ச்சிட்டியே!"

திருஷ்டியிலெல்லாம் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை, வியாபாரத்துக்காகக் கட்டுவதுதான் என்று சொல்லி வந்தவன் நான். ஆனால் அவர் சொன்னதும் என் கை தானாக வயிற்றைத் தடவியது. எதிர்க்கடைக்காரர், பக்கத்துப் பெயின்ட் கடைக்காரர், எல்லோருடைய பார்வையும் என் வயிற்றுக்குள் சுற்றுவது தெரிந்தது. நண்பர் உப்பும் மிளகாயும் வாங்கிவந்து, கடை நடுவில் என்னை உட்காரவைத்து மூன்று முறை சுற்றி, தெருவில் நெருப்பு மூட்டிப் போட்டார். சுற்றி முடித்ததும் அவரும் தலையைப் பிடித்துக்கொண்டு மூட்டையில் சாய்ந்தார். "நேத்துலருந்து எனக்கும் ஒரே பேஜாரா கீது. டீசல் பொகை" என்றார். இருக்கும் என்றேன்.

மறுநாள் காலை என் மனைவி ஊரிலிருந்து வந்து இறங்கினாள். என் முகத்தைப் பார்த்ததும் பையைக் கீழே வைத்துவிட்டாள். நான் பூசணிக் கதையை முழுதாகச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. சமையலறைக்குப் போய்ச் சீரக டப்பாவுக்குள் கையை விட்டு ஓர் அட்டையை எடுத்து வந்தாள். என் மாத்திரை. பாதி காலி.

"இதைத்தான் தெனமும் இடிச்சு ஜூஸுல கலந்து தந்தேன். பொடிக்கலாமான்னு மெடிக்கல்ல கேட்டுட்டுத்தான் செஞ்சேன். நான் போன அன்னைலருந்து நீங்க வெறும் தடியங்காயத்தான் குடிச்சிருக்கிய."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா குடிச்சிருப்பியளா?"

முதலில் வந்தது கோபம்தான். ஏமாந்தவனுக்கு வருகிற கோபம். நாலு வார்த்தை கத்தினேன். ஐந்தாவது வார்த்தை வாய்க்குள் இருக்கும்போது, மூட்டையில் சாய்ந்து தலையைப் பிடித்துக்கொண்டிருந்த நண்பரின் முகம் நினைவுக்கு வந்தது.

"அவரு மாத்திரையக் கடல்ல போட்டுட்டாரு" என்றேன்.

"யாரு?"

சொன்னேன். எவ்வளவு நாளாயிற்று என்று கேட்டாள். இரண்டு மாதம் என்றேன். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"நான் உங்க டம்ளர்ல மட்டும்தானங்க கலந்தேன்."

என் மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டு ஆட்டோ பிடித்தேன். காசிமேட்டில் நண்பர் தன் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பேச்சு லேசாகக் குழறியது. கையில் ஒரு டம்ளர் பூசணி ஜூஸ். பாதி குடித்திருந்தார். அதைப் பிடுங்கி வைத்துவிட்டு ஆட்டோவில் ஏற்றினேன். ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா கையில் பட்டையைச் சுற்றி அளந்தார். எண்ணை எங்களிடம் சொல்லாமல் டாக்டரைக் கூப்பிட எழுந்து ஓடினார். அந்த ஓட்டத்தைப் பார்த்தபோது எனக்கு இருந்த பயம் என் வாழ்க்கையில் அதற்குமுன் இருந்ததில்லை.

இரண்டு நாள் படுக்க வைத்தார்கள். பிழைத்துக்கொண்டார். கொஞ்சம் தாமதித்திருந்தால் கையோ வாயோ போயிருக்கும் என்றார்கள். "ஜூஸ் குடிங்க, நல்லதுதான். மாத்திரையையும் போடுங்க" என்றார் டாக்டர். எனக்கு முதலில் சொன்ன டாக்டரும் கிட்டத்தட்ட அதைத்தான் சொல்லியிருந்தார்.

மூன்றாம் நாள் காலை அவர் கட்டிலருகே உட்கார்ந்து, சீரக டப்பா விஷயத்தை ஒன்று விடாமல் சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் மெல்ல எழுந்து தலையணையில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"மாத்திரைய உடாதன்னு ஆறு வருசமா டாக்டரு சொல்லிக்கினேதான் இருந்தாரு" என்றார். "அவரு யாரோ. நீ நம்ம ஆளு அண்ணாச்சி. அதான் ஒரு வார்த்த கூட கேக்காம வீசிட்டேன்."

சட்டைப்பையில் இருந்த அட்டையை எடுத்து, அன்றைய மாத்திரையை அவர் கண்முன் பிரித்து, தண்ணீர் இல்லாமலே விழுங்கிக் காட்டினேன்.

அவர் என் தொண்டையையே பார்த்தார். முகத்தில் சிரிப்பே இல்லை.

"நாக்க தூக்கு" என்றார்.

தூக்கிக் காட்டினேன்.