ஏழாமிடத்தாரின் வெள்ளை ஜெர்சி

வெர்னா மல்லின்ஸைத் துணி துவைக்கிறவள் என்று யாராவது வாய்தவறிச் சொல்லிவிட்டால் போதும், அன்றைக்கு அந்த ஆளுக்கு நல்ல அர்ச்சனை. பைன் ஃபோர்க் கல்லூரியின் கூடைப்பந்து அணிக்கு அவள் உடைமைப் பொறுப்பாளர். ஷூ, சாக்ஸ், துண்டு, ஜெர்சி எல்லாம் அவள் கை வழியாகத்தான் போகும், வரும். ஆனாலும் உள்ளதைச் சொல்ல வேண்டும், அதில் முக்கால்வாசி துவைக்கிற வேலைதான். ரத்தக் கறைக்குப் பச்சைத் தண்ணீர், வியர்வை வாடைக்கு வினிகர், எண் ஒட்டிய துணி எந்தக் காலத்திலும் சூட்டில் உலரக் கூடாது. இதெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

அந்த வேலைக்கு அவள் வந்ததே ஒரு கூத்து. அப்போது ஊர் ஆஸ்பத்திரியில் சலவைப் பகுதியில் இருந்தாள். ஒரு ஜனவரியில் கல்லூரியின் துவைக்கும் இயந்திரம் படுத்துக்கொள்ள, அந்நாளைய கோச் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிப் பின்வாசலில் வந்து நின்றார். வெர்னா மூட்டையைப் பிரித்தாள், மூக்கைப் பொத்தினாள். "எவன் இதுவரைக்கும் இதத் துவைச்சான்? அவனக் கூட்டிட்டு வாங்க, அவனையும் சேத்து ஊறப் போடறேன்" என்றாள். அடுத்த வாரமே கல்லூரியில் வேலை கிடைத்தது. அதற்கப்புறம் இருபத்தாறு வருஷம் ஓடிவிட்டது.

பைன் ஃபோர்க்கில் ஒரு வழக்கம் உண்டு. மற்ற கல்லூரிகளில் கடைசி வருஷப் பையன்களுக்குச் சீசன் முழுதும் முடிந்த பிறகுதான் ஜெர்சியைக் கொடுப்பார்கள். இங்கே சொந்த ஊரில் கடைசி ஆட்டம் முடிந்த கையோடு, பையன் வெள்ளை ஜெர்சியைக் கழற்றி வீட்டாரிடம் கொடுத்துவிடுவான். காரணம் பெருமை இல்லை, மானக்கேடு. சீசன் முடிவில் எட்டுக் கல்லூரிகளும் சார்ல்ஸ்டனில் கூடி நாலு நாள் போட்டி ஆடும். அதில் ஜெயிக்கிற ஒரே ஒரு கல்லூரி தேசத்தின் பெரிய போட்டிக்குப் போகும். ஆடுகிற இரண்டு அணியில் தரப்பட்டியலில் மேலே இருப்பவர் வெள்ளை உடுத்த வேண்டும், கீழே இருப்பவர் அடர்நிறம். பைன் ஃபோர்க் என்றைக்கு மேலே இருந்தது? ஆறு, ஏழு, எட்டு, அதற்குள்ளேயே உருண்டுகொண்டிருந்தது. முதல் ஆட்டத்திலேயே அடி வாங்கும், மறுநாள் பேருந்து ஏறும். அங்கே வெள்ளைக்கு என்ன வேலை?

அந்த வருஷம் ஏழாமிடம். வெர்னா வழக்கம்போல அணியின் அடர்நிறமான பச்சையை மட்டும் மூட்டை கட்டினாள்.

வியாழக்கிழமை நம் பையன்கள் இரண்டாமிடத்துக்காரர்களை ஒரே புள்ளியில் கவிழ்த்தார்கள். வெர்னா பச்சை ஜெர்சிகளை ஹோட்டல் குளியல் தொட்டியில் முக்கித் துவைத்தாள். சனிக்கிழமை மதியம் அரையிறுதியில் மூன்றாமிடத்துக்காரர்களும் காலி. அரங்கில் பைன் ஃபோர்க் ஜனங்கள் ஒருத்தரையொருத்தர் கட்டிக்கொண்டு அழுதார்கள், நம்பவே முடியவில்லை.

அடுத்த அரையிறுதியைப் பார்க்க எல்லாரும் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்கள். நாலாமிடத்தை எதிர்த்து எட்டாமிடத்துக் கேன்ட்ரல் கல்லூரி. கேன்ட்ரல் ஜெயித்தால் இறுதியாட்டம் லேசு என்று நம் ஆட்கள் தொண்டை கிழியக் கத்தினார்கள். வெர்னா எல்லாரையும்விட ஒரு படி மேல், எழுந்து நின்று கைதட்டினாள். கேன்ட்ரலே ஜெயித்தது. அவர்களின் உடைமைப் பொறுப்பாளர் லீலண்ட், இருபது வருஷமாக வெர்னாவோடு துண்டு திருட்டுச் சண்டை போடுகிற மனுஷன், சிரித்துக்கொண்டே வந்தார்.

"ரொம்பத் தட்டாதே வெர்னா, கை வலிக்கப் போவுது. நாளைக்கு வெள்ளை உடுத்தறது நீங்கதான்."

"என்ன வெள்ளை?"

"நீங்க ஏழு, நாங்க எட்டு. எங்களுக்கு மேல இருக்கறது நீங்கதானே? வெள்ளை உங்களுக்கு, நீலம் எங்களுக்கு."

தட்டிய கை பாதியில் நின்றது.

"லீலண்ட், உங்க வெள்ளையாவது இருக்கா? நீங்க வெள்ளை, நாங்க பச்சைன்னு மாத்திக்கலாம், கோச்சுங்ககிட்ட நான் பேசறேன்."

"நல்லாக் கேட்டே போ. எட்டாமிடத்துக்காரன் எவன் வெள்ளையக் கட்டிட்டு வருவான்?"

"ரெண்டு பேரும் அடர்நிறத்துல எறங்கினா?"

லீலண்டின் சிரிப்பு மறைந்தது. "விதி தெரியுமில்ல? பந்து மேல போறதுக்கு முன்னாடியே உங்க மேல ஃபவுல். எங்க பையன் நின்னு நிதானமா ரெண்டு ஃப்ரீ த்ரோ போடுவான். வேணாம் தாயி, எப்படியாவது கொண்டாந்துடு."

ஆட்டம் மறுநாள் பகல் பன்னிரண்டுக்கு. வெர்னா நேராக அணி உட்கார்ந்திருந்த வரிசைக்குப் போனாள். மறைக்கிற புத்தி அவளுக்கு இல்லை.

"பசங்களா, வெள்ளை வேணும், என்கிட்ட இல்ல. வீட்டுலயே வச்சுட்டு வந்துட்டேன். மறந்து வைக்கல. நீங்க இவ்வளவு தூரம் வருவீங்கன்னு நான் நம்பல. அதான் நெசம். என்னைத் திட்டணும்னா இப்பவே திட்டிடுங்க."

யாரும் திட்டவில்லை. கோச் எம்மெட் தொப்பியைக் கழற்றி மண்டையைச் சொறிந்தார்.

"மிஸ் வெர்னா, நான் ஹோட்டல்ல ஒரே ஒரு ராத்திரிக்குத்தான் ரூம் போட்டேன். தெனம் காலையில அந்தப் பொண்ணுகிட்டப் போய், அம்மா இன்னும் ஒரு நாளுன்னு கெஞ்சிக்கிட்டிருக்கேன். உக்காருங்க, எண்ணிப் பாப்போம்."

மொத்தம் பதின்மூன்று. ஒன்பது கல்லூரிச் சலவை அறையில், மலை தாண்டி மூன்றரை மணி நேரத் தூரத்தில். மூன்று இங்கேயே, பெற்றோரிடம். ஒரு தாய் குளிர்கோட்டுக்கு மேலேயே மாட்டியிருந்தாள். ஒரு தகப்பன், நூற்றிருபது கிலோ ஆள், மகனுடைய ஜெர்சிக்குள் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதைக் கழற்ற மூன்று பேர் இழுக்க வேண்டியிருந்தது. கையிடுக்கில் பிரிந்த தையலைப் பார்த்து வெர்னா பல்லைக் கடித்தாள். மூன்றாவது, ஒரு காரின் பின்சீட்டில் கிடைத்தது. பாக்கி ஒன்று. எண் முப்பத்துநாலு, கீனனுடையது.

கீனன் அணியின் தூண். புளூஃபீல்ட் ஊர்ப் பையன். அம்மா முதியோர் இல்லத்தில் தாதி, சொன்ன நாளுக்கு லீவு கிடைக்காது. கடைசி உள்ளூர் ஆட்டத்தில் கடைசி வருஷப் பையன் ஒவ்வொருவனும் பெற்றோர் கையைப் பிடித்துக்கொண்டு மைதான நடுவுக்கு நடந்தபோது அவன் தனியாக நின்றான். வெர்னா கையிலிருந்த துண்டுகளைக் கீழே போட்டுவிட்டு ஓடிப்போய் அவன் கையைக் கோத்துக்கொண்டாள்.

"உன்னுது எங்கடா கண்ணு?"

கீனன் ஷூ நாடாவைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "ஃப்ரேம் கடையில இருக்கு மிஸ் வெர்னா. கண்ணாடி போடக் குடுத்தேன்."

"அம்மாவுக்கா?"

தலையை ஒரு மாதிரி ஆட்டினான். வெர்னா அதை ஆமென்று எடுத்துக்கொண்டு புருஷனுக்குப் போன் போட்டாள்.

அவள் புருஷன் ட்வைட், மலைவீடுகளுக்கு எரிவாயு லாரி ஓட்டுகிறவர். எதற்கும் பதறாத ஜென்மம். "சரி அம்மணி" என்றார். காவலாளியை எழுப்பிச் சலவை அறையைத் திறந்தார். அப்புறம் ஃப்ரேம் கடைக்காரி ஓப்பல் வீட்டுக் கதவைத் தட்டினார். அரை மணி கழித்து போன் வந்தது.

"வெர்னா, பசை இன்னும் ஈரமா இருக்காம். இப்பப் பிச்சா துணி கிழியும்னு ஓப்பல் சொல்லுது. அப்படியே கண்ணாடியோட தூக்கிட்டு வரேன், நீ அங்க பிரிச்சுக்கோ. இன்னொண்ணு, மலை மேல பனி கொட்டுது. வழிய மூடிட்டாங்க. காலையிலதான் தொறப்பாங்களாம்."

அன்றைக்கு வெர்னா கண் மூடவில்லை என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழுக்குத்தான் பாதை திறந்தது. ட்வைட்டின் கார் பனியில் ஏறாது. ஆகவே சக்கரத்துக்குச் சங்கிலி கட்டிய எரிவாயு லாரியிலேயே கிளம்பியிருந்தார். பதினொன்றே காலுக்கு அரங்கத்தை நெருங்கிய லாரியைக் காவல்காரர்கள் ஐந்து தெரு தள்ளியே மறித்துவிட்டார்கள். ஆயிரக்கணக்கான ஜனம் கூடுகிற இடத்துக்கு எரிவாயுவை விடுவார்களா? ட்வைட் வாதாடவில்லை. மூட்டையை முதுகில் போட்டார், ஃப்ரேமைக் கக்கத்தில் இடுக்கினார், பனிச்சேற்றில் நடந்தே உடைமாற்றும் அறைக்கு வந்து சேர்ந்தபோது மணி பதினொன்று முப்பத்தைந்து. மீசையெல்லாம் பனி.

"ஒம்போது இருக்கு, எண்ணிக்கோ. இதப் பதனமாப் பிடி" என்று சொல்லிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

வெர்னா ஃப்ரேமைச் சுற்றிய போர்வையை உருவினாள். கண்ணாடிக்குள் வெள்ளை ஜெர்சி, முப்பத்துநாலு. அதற்கடியில் சின்னப் பித்தளைத் தகடு. அதில் இப்படி எழுதியிருந்தது: "மிஸ் வெர்னாவுக்கு. அம்மா வர முடியாத அன்றைக்கு என்னோடு நடந்ததற்கு. கீனன்."

வெர்னா அதை இரண்டு தடவை படித்தாள். ஃப்ரேமை நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள்.

"இத நான் உடைக்க மாட்டேன்" என்றாள்.

"உடைங்க மிஸ் வெர்னா. நான் ஆடணும்."

"நீங்க ஜெயிப்பீங்கன்னு நம்பாம வெள்ளைய வீட்டுல வச்சுட்டு வந்தவ நான். எனக்குப் போயா இதக் குடுக்கறே?"

கீனனுக்கு அப்போதுதான் சிரிப்பு வந்தது. "நான் மட்டும் நம்பினேனா? நம்பியிருந்தா இத ஃப்ரேம் போடக் குடுத்திருப்பேனா?"

அறையே வெடித்துச் சிரித்தது. வெர்னாவும் சிரித்தாள், அழுதாள், எது எதுவென்று அவளுக்கே தெரியவில்லை. கதவருகே நின்றிருந்த லீலண்ட், எதிரணி ஆள், கேட்காமலே உள்ளே வந்து பையிலிருந்து திருப்புளியை எடுத்தார்.

"தள்ளு வெர்னா. உன் கண்ணெல்லாம் தண்ணி, எங்கயாவது கண்ணாடியில கையக் கிழிச்சுக்குவே."

பின்பலகையைக் கழற்றிப் பசையை அங்குலம் அங்குலமாக அவர் விடுவிக்க, வெர்னா அதற்குள் அந்தப் பெருத்த தகப்பன் பிரித்துவிட்ட இடத்தில் ராத்திரி போட்ட தையலை இன்னொரு வரிசை இறுக்கினாள். பன்னிரண்டுக்கு நாலு நிமிஷம் இருக்கையில் பதின்மூன்று பேரும் வெள்ளையில் ஓடினார்கள். கீனன் முதுகில் மட்டும் பசை காய்ந்து ஒரு திட்டு. நடுவர் அதைப் பார்த்தும் விட்டுவிட்டார். அந்தப் புண்ணியவானும் நன்றாயிருக்கட்டும்.

ஐந்து புள்ளியில் ஜெயித்தார்கள். கீனன் மட்டும் இருபத்திரண்டு புள்ளி. ஜெயித்தவர்கள் வழக்கப்படி ஏணி வைத்துக் கூடையின் வலையை அறுத்தார்கள், ஆளுக்கொரு கண்ணி. வெர்னா மேலே ஏற மாட்டேன் என்று கீழேயே நின்றாள். ட்வைட், ஓப்பல், காவலாளி, லீலண்ட், மூச்சடக்கிய அந்தத் தகப்பன், எல்லாரையும் ஒவ்வொருவராக நினைத்தாள். இத்தனை பேர் கைகொடுக்கிற அளவுக்கு நான் யாருக்கு என்ன செய்துவிட்டேன் என்று அவளுக்குப் புரியவேயில்லை. ஏணியிலிருந்து இறங்கிய கீனன் ஜெர்சியைக் கழற்றி அவள் தோளில் போட்டான்.

அதை அப்படியே துவைக்காமல் வைத்துக்கொண்டாள் என்று ஊரில் ஒரு கதை உலவுகிறது. சுத்தப் பொய். "அந்த நாத்தத்தோட செவத்துல மாட்ட எனக்கென்ன பைத்தியமா?" என்பாள். அன்றைக்கே பச்சைத் தண்ணீரில் அலசிவிட்டாள். பசைத் திட்டு மட்டும் போகவில்லை. பெரிய போட்டியில் பைன் ஃபோர்க் பச்சை உடுத்தி, நாற்பது புள்ளி வித்தியாசத்தில் உதை வாங்கியது. அதைப் பற்றி ஊரில் யாரும் பேசுவதில்லை.

அடுத்த வருஷம் எட்டாமிடம். வெர்னா அந்த வழக்கத்தை மாற்றியிருந்தாள், சார்ல்ஸ்டன் முடியும்வரை யாருக்கும் வெள்ளை கிடையாது. பேருந்து கிளம்பும் காலையில் கோச் எம்மெட் கீழ்த்தட்டில் மூட்டைகளைப் பார்த்தார், ஒன்று கூடுதலாக இருந்தது.

"மிஸ் வெர்னா, நாம எட்டாவது. நமக்குக் கீழ ஆளே இல்ல. எவனோட ஆடினாலும் பச்சைதான். என்ன தலைகீழா நின்னாலும் வெள்ளை தேவைப்படாது."

"தெரியும் கோச். எனக்கு எண்ணத் தெரியாதா?"

"அப்புறம் எதுக்கு இது?"

"போட்டுக்க இல்ல. பஸ்ல ஏர்றப்போ பசங்க கண்ணுல படட்டும், இந்தத் தடவ மிஸ் வெர்னா வெள்ளையக் கொண்டாந்திருக்காங்கன்னு."

கோச் குனிந்து அந்த மூட்டையை மற்றதற்கெல்லாம் முன்னால் இழுத்து வைத்தார்.