பத்துக் கடலை நேரம்

"போனை மெஷின் பக்கத்துல வைங்க. நீங்க பேசாதீங்க" என்று சொல்லிவிட்டுக் கமலவேணி கண்ணை மூடிக்கொள்வார். அந்தப் பக்கம் மல்லசமுத்திரத்தில் எங்கோ ஒரு தையல் மெஷின் கடகடவென்று ஓடும். அரை நிமிடத்தில் கண் திறக்கும். "பெல்ட்டுங்க. ஊசி மேல பழியைப் போடாதீங்க." அவ்வளவுதான், போனை வைத்துவிடுவார்.

வெண்ணந்தூர்க்காரர். வயது நாற்பத்து மூன்று. சுற்றுவட்டாரத்தில் தையல் மெஷின் ரிப்பேர் என்றால் அவர்தான். உடைந்த ஊசியை எறியமாட்டார். தைல பாட்டிலில் போட்டு, உடைத்தவர் பெயரை எழுதி ஒட்டிவிடுவார். என் பெயரில் இரண்டு பாட்டில் இருக்கிறது. நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறை என்னுடையது. அங்கே தார்ப்பாய் தைக்கும் மெஷினைப் பார்க்க மாதம் ஒருமுறை வருவார்.

என்னைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். நாற்பத்திரண்டு வருடத்தில் ஆயிரத்து எண்ணூறு லாரிக்குப் பாடி கட்டியிருக்கிறேன். என் கண்ணே மட்டப்பலகை என்று ஊரில் பேச்சு. அதை முதலில் சொன்னவன் நான்தான்.

போன மாதம் ஒரு புதன்கிழமை கமலவேணி வந்தார். "ஏனுங்கய்யா, ஒரு இரும்புச் சட்டம் வெல்டிங் வெக்கோணும்." வீட்டு மேசை மேல் நிற்கிற அளவில் சிஎன்சி மெஷின் ஒன்றைத் தானே செய்கிறாராம். கம்ப்யூட்டரில் படம் வரைந்து கொடுத்தால், அதன்படி பித்தளையைக் குடைந்து தரும். பழைய ஜெராக்ஸ் மெஷினில் கழற்றிய மோட்டாரெல்லாம் தயார். தாங்குவதற்கு நாலு கால் சட்டம்தான் பாக்கி.

அவசரத்துக்குக் காரணம் பிரபாகர். ராசிபுரத்தில் அறுபது பழைய மெஷின் வைத்துப் பாவாடை தைக்கிறவர். ஊசி இறங்கும் தகடு தேய்ந்தால் மாற்றுத் தகடு கிடைப்பதில்லை. எல்லாவற்றையும் எடைக்குப் போட்டுப் புதிது வாங்கப்போவதாகச் சொல்லிவிட்டார். புது மெஷினுக்குக் கம்பெனி ஆளே வருவான். கமலவேணிக்குப் பாதிப் பிழைப்பு போய்விடும். "வெள்ளிக்கிழமை ஒரு தகடு செஞ்சு காட்டறேனுங்க. ஊசி உடைஞ்சா எடைக்குப் போட்டுக்குங்க" என்று வாக்குக் கொடுத்து வந்திருந்தார்.

"வெல்டிங்கைப் புள்ளி புள்ளியா வெச்சு, எதிர் மூலைக்குப் போங்கய்யா. ஆறட்டும், அப்பறம் அடுத்தது."

"அம்மணி, பத்து டன் தாங்கற பாடி கட்டறவனுக்குக் கிளிக்கூண்டு கட்டச் சொல்லித் தர்றியா?"

ஆட்கள் எல்லாரும் பார்க்கட்டும் என்று ஒரே இழுப்பில் நாலு பக்கமும் வெல்டிங் ஓட்டினேன். ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டு மார்பை நிமிர்த்தி நின்றேன்.

கமலவேணி சட்டத்தை எடுத்தார். என் ஆபீஸ் மேசையின் கனத்த கண்ணாடி மேல் வைத்து ஒரு மூலையை விரலால் அழுத்தினார். டக். எதிர் மூலை. டக். பஸ் டிக்கெட்டை நாலாக மடித்து ஒரு காலுக்கு அடியில் செருகினார். வழுக்கிக்கொண்டு போயிற்று.

"ஆடுதுங்கய்யா."

"கண்ணாடி கோணல்" என்றேன்.

"திருப்பி வெச்சாலும் அதே கால்தானுங்க தூக்குது."

சூட்டில் இரும்பு இழுத்துக் கோணிவிட்டிருந்தது. லாரியில் ஒரு விரற்கடை கோணல் என்றால் அதன் மேல் தாமரைப்பூ வரைந்து மறைத்துவிடுவோம். "மொதலாளி, இதுல பூ போட எடமில்லீங்களே" என்றான் என் வெல்டர் வேலுசாமி. சிரித்தவர்களை எண்ணினேன். ஒன்பது பேர். சுத்தியலை எடுத்தேன், கமலவேணி சட்டத்தின் மேல் கையை வைத்துவிட்டார்.

"அடிச்சா இன்னைக்கு நேராகும், நாளைக்குத் தகட்டுல துளை தள்ளிப்போயி ஊசி உடையும். அறுத்துருங்க."

நான் வைத்த வெல்டிங்கை நானே அறுத்தது அதுதான் முதல் தடவை. சத்தம் தெருவரைக்கும் கேட்டது.

பெயிண்டு டப்பாவைக் கவிழ்த்து உட்கார்ந்தார், மடியில் வறுத்த கடலைப் பொட்டலம். ஒரு புள்ளி வைத்தால், பத்துக் கடலையை உரித்துத் தின்று முடிக்கும்வரை அடுத்ததைத் தொட விடவில்லை. ஏழாவதில் நான் கை நீட்டினால், "இன்னும் மூணு இருக்குதுங்க." பத்தாவது சொத்தையாகிப் போனால், "சொத்தை கணக்குல வராதுங்க." கால்மணி வேலை பொழுது சாயும்வரை நீண்டது. கடைசியில் கண்ணாடி மேல் வைத்தபோது டிக்கெட்டின் ஒற்றைத் தாள்கூட நுழையவில்லை. அதைப் பார்க்க வேலுசாமி இல்லை; அன்று சீக்கிரமே வீட்டுக்குப் போய்விட்டான்.

வெள்ளிக்கிழமை வெண்ணந்தூருக்குப் போனேன். யாரும் கூப்பிடவில்லை. பிரபாகர் தன் மெஷின் ஒன்றைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிஎன்சி மெஷின் குடைந்தெடுத்த பித்தளைத் தகட்டைக் கமலவேணி அதில் பொருத்தி, சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றினார். ஊசி துளைக்குள் இறங்கி ஏறியது. நான் மூச்சு விட்டேன்.

"கையில சுத்தினா எதுவும் எறங்கும். வேகமா ஓட்டுங்க, அப்பத் தெரியும்" என்றார் பிரபாகர்.

கமலவேணி துணிக்குச் சுற்றிலும் பார்த்தார். சட்டென்று என் தோளில் கிடந்த வெள்ளைத் துண்டை உருவினார். அதை இதுவரை யாரும் தொட்டதில்லை. என் சம்சாரம்கூடத் துவைக்கும்போதுதான் தொடுவாள். நாலாக மடித்து ஊசிக்கு அடியில் தள்ளி, முழு வேகத்தில் மிதித்தார். இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரே ஓட்டம். ஊசி உடையவில்லை.

பிரபாகர் குனிந்து தகட்டைத் தடவிப் பார்த்தார். "எடைக்காரனை வர வேண்டாம்னு சொல்லிடறேனுங்க."

கமலவேணி மெஷினை நிறுத்தினார். நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். துண்டை ஓர் உதறு உதறி, தையல் வெளியே தெரிகிற பக்கமாகத் திருப்பி என் தோளில் போட்டார்.