சந்துப்பக்கத்துச் சுவர்

எனக்கு வாய்த்துடுக்கு அதிகம். கல்யாணமாகித் திண்டுக்கல் மலைக்கோட்டைக்குக் கீழே இருக்கும் அந்தத் தெருவுக்கு வந்த புதிதிலேயே ஊருக்கு அது தெரிந்துவிட்டது. ஒருமுறை தெருப் பெண்களிடம், "எங்க வீட்டுல பகல்லயே லாந்தர் ஏத்துறோம், சூரியனுக்கு வழி தெரியணும்ல" என்றேன். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அதிலிருந்து நான் வாயைத் திறந்தாலே சிரிக்கத் தயாராகிவிடுவார்கள்.

வீடு அப்படித்தான் இருந்தது. தேக்குத் தூண், பூவேலை செய்த நிலைக்கதவு எல்லாம் உண்டு. ஜன்னல் மட்டும் கிடையாது. கடைசியில் அடுப்படி. விறகுப் புகை போக ஓட்டில் ஒரு துவாரம், அவ்வளவுதான். ஐப்பசி பிறந்தால் எனக்கு இழுப்பு வந்துவிடும். சுவரில் சாய்ந்து மூச்சை இழுத்துக்கொண்டே குழம்பைக் கிண்டுவேன். அந்தச் சுவருக்கு அந்தப்பக்கம் சந்து. சந்து நிறையக் காற்று. ஒரு ஜன்னல் வைக்கச் சொன்னால் என் கணவர், "நாகல் நகர்ல இடம் கெடக்குல்ல, அங்க வீடு கட்டிப் போறப்ப வேணுங்கிற ஜன்னல் வச்சுக்க" என்பார். அது மாமனார் வாங்கிப்போட்ட இடம். வீடு கட்டத்தான் வழியில்லை.

அறுபதுகளின் தொடக்கத்தில் வழி பிறந்தது. பஸ் போக ரோட்டை அகலப்படுத்தப் போகிறார்களாம், எங்கள் வரிசை வீடுகளை இடித்துவிட்டு நஷ்டஈடு தருவார்களாம். தெருவே அழுதது. நான் அடுப்படியில் நின்றபடி மனசுக்குள் நாகல் நகர் வீட்டுக்கு ஜன்னல் வைத்துக்கொண்டிருந்தேன். கிழக்கே ரெண்டு, அடுப்புக்கு நேராக ஒன்று.

என் கணவர் பள்ளிக்கூட வாத்தியார். பிள்ளைகளுக்குச் சரித்திரம் நடத்துகிறவர். "கோட்டையப் பாத்துக்கிட்டே நின்ன தெரு இது. இதை விட்டுக்குடுத்தா நாம மனுசங்களா?" என்று கிளம்பிவிட்டார். தெருக்காரர்கள் ஒரு சங்கம் அமைத்தார்கள், அவர்தான் செயலாளர். சாயங்காலமானால் எங்கள் வீட்டில்தான் கூட்டம். பேசுவது அவர்கள், அடுப்பை ஊதிக் காப்பி போடுவது நான். நியாயம் அவர்கள் பக்கம் இருந்ததுதான் எனக்கு எரிச்சல். அந்தத் தூண்களை இழந்தால் திரும்பக் கிடைக்காது என்று எனக்கும் தெரியும்.

நேரில் பார்க்க இன்ஜினியர் வருகிறார் என்றதும் தெரு முழுக்க வெள்ளையடித்தார்கள். எங்கள் தூண்களுக்குத் தேங்காயெண்ணெய் தேய்த்ததும் நான்தான். வந்தவர் தெருக்காரர்கள் சூழ எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்துவிட்டு, அடுப்படி வாசலில் நின்ற என்னிடம் திரும்பினார். "வீட்டுல பொழங்குறது நீங்க. நீங்க சொல்லுங்கம்மா, இடிக்கலாமா, வேண்டாமா?"

அந்த வீட்டுக்கு வந்த நாள்முதல் என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. சொல்லிவிட்டேன்.

"இடிச்சிருங்க சார். மொதல்ல இந்த அடுப்படியில ஆரம்பிங்க. கடப்பாரை இருக்கு, எடுத்துத் தாரேன்."

பக்கத்து வீட்டு மதினி குபீரென்று சிரித்தாள். "அவ எப்பவும் இப்படித்தான் சார், வெளாட்டுப் பேச்சு!" கூடமே சிரித்தது. இன்ஜினியரும் சிரித்தார். என் கணவருக்குச் சிரிப்பில் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. "நெசமாத்தான் சொல்றேன்" என்றேன். இன்னும் பலமாகச் சிரித்தார்கள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். அதையும் இருமல் என்று நினைத்துக்கொண்டார்கள்.

ரோடு வேறு பக்கமாகப் போயிற்று. தெரு தப்பித்தது. மதினி லட்டு கொண்டுவந்து என் வாயில் ஊட்டினாள். "ஒம் பேச்சுலதான்டி அந்த மனுசன் மனசு எளகுச்சு" என்றாள். முழுங்கினேன்.

நஷ்டஈடு இல்லாமல் நாகல் நகர் வீடும் இனி இல்லை என்று ஆகிவிட்டது. கொஞ்ச நாள் பொறுத்து, சந்துப்பக்கத்துச் சுவரிலாவது ஒரே ஒரு ஜன்னல் வைத்துத் தரும்படி கணவரிடம் கேட்டேன்.

அவர் நிஜமாகவே சங்கடப்பட்டார். "ஒரு கல்லைக்கூட அசைக்க மாட்டோம்னு தெருவே சத்தியம் பண்ணியிருக்கு புள்ள. செயலாளரே சுவத்தை இடிச்சா நாலு பேரு என்ன பேசுவாங்க?"

அதன்பிறகு வெளியூர்க்காரர்கள் வீட்டைப் பார்க்க வர ஆரம்பித்தார்கள். அவர் தூணைக் காட்டுவார், நிலையைக் காட்டுவார், கடைசியில் சந்துக்குக் கூட்டிப்போய் அந்தச் சுவரைத் தட்டிக் காட்டுவார். "அந்தக் காலத்துச் சுண்ணாம்புக் கட்டு. எங்கயாவது ஒரு ஓட்டை இருக்கா பாருங்க!"

அந்தத் தட்டல் எனக்கு நன்றாகக் கேட்கும். உள்ளே இருமிக்கொண்டே அவர்களுக்குக் காப்பி போட்டுக்கொண்டிருப்பேன்.